ஆட்டத்தில் சொன்ன பொய்

பொய் சொல்லக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே வீட்டில்தான், முகம் மாறாமல் பொய் சொல்லவும் குழந்தை பழகுகிறது. ஐந்து துண்டுக் காகிதம் போதும். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டால் விளையாட்டுத் தொடங்கிவிடும். திருடன் சீட்டை எடுத்தவன் திருடனைப் போல விழிக்கக் கூடாது. மந்திரிச் சீட்டு கிடைத்தவனைப் போல நிமிர்ந்து உட்கார வேண்டும். போலீஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவான். அவன் ஏமாந்து போனால் கூடம் முழுவதும் சிரிப்பு. மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டியும் சேர்ந்து சிரிப்பாள். பலகாரத்தைத் தின்றுவிட்டு, தின்னவே இல்லை என்று சாதித்த பேரனைக் காலையில் கண்டித்தவளும் அந்தப் பாட்டிதான்.

பாட்டிக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை. நமக்கும் தோன்றுவதில்லை. ஏன் தோன்றவில்லை என்று நின்று யோசித்தால், அறத்தைப் பற்றிய ஒரு கேள்வி அந்தக் காகிதச் சீட்டுக்குள் மடிந்து கிடப்பது தெரியவரும். ஆட்டத்தில் சொல்லும் பொய், பொய்தானா?

சீட்டு விளையாட்டோடு நின்றிருந்தால் இந்தக் கேள்விக்கு அவசரமில்லை. ஆனால் அந்த விளையாட்டு வேறொரு தேசத்தில் வேறொரு வடிவத்தில் பெரிதாக வளர்ந்து, இப்போது நம் ஊர் வாலிபர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சிறிது விளக்கிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற விளையாட்டு அச்சாகி வெளிவந்தது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்வது அது. ஒருவர் மட்டும் நடுவர். 'எதிரே ஒரு கதவு இருக்கிறது; பூட்டியிருக்கிறது' என்று அவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் கூத்தும் தாயமும் கலந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்க்க வந்த கூட்டமும் கிடையாது. 1977-இல் டிராவலர் என்ற விளையாட்டு இதே முறையை விண்வெளிக்குக் கொண்டு போயிற்று. வாளுக்குப் பதில் விண்கலம். காட்டுக்குப் பதில் கிரகங்கள்.

இந்த விளையாட்டுகளுக்கு மூல விதிநூல் ஒன்று இருக்கும். அதன் பின்னே இணைப்பு நூல்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு கிரகத்துக்கு ஒரு நூல், கப்பல்களுக்கு ஒரு நூல், ஒரு தொழிலுக்கு ஒரு நூல். அப்படி நூல் பெற்ற தொழில்களில் ஒன்று ஒற்று. 1980-இல் டாப் சீக்ரெட் என்ற விளையாட்டு முழுக்க முழுக்க ஒற்றர்களுக்காகவே வந்தது. 1984-இல் வந்த பாரனோயாவில், ஒரு கணிப்பொறி ஆளுகின்ற நிலத்தடி நகரத்தில் எல்லோரும் துரோகிகளைத் தேடி அலைவார்கள். தேடுகிற ஒவ்வொருவனும் தானே ரகசியமாக ஒரு துரோகி. 1991-இல், ஸ்டார் வார்ஸ் கதை உலகத்துப் புரட்சிப் படையின் உளவுத் தலைவரே எழுதிக் கொடுத்தது போன்ற பாவனையில், அந்த விளையாட்டுக்கு ஒரு கையேடு வந்தது. பொறி வைப்பது எப்படி, கருவியை மாற்றியமைப்பது எப்படி என்றெல்லாம் அதில் உண்டு.

திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய மகனும் அவன் தோழர்கள் நால்வரும் ஞாயிறு தோறும் மொட்டை மாடியில் கூடி இப்படி ஒரு விண்வெளி விளையாட்டை ஆடி வந்தார்கள். மகன்தான் நடுவர். ஒற்று பற்றிய இணைப்பு நூல் ஒன்றைப் படித்துவிட்டு, தோழர்களில் ஒருவனிடம் அவன் துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தான். 'நீ எதிரியின் ஆள்' என்பது அதில் இருந்த செய்தி. எட்டு மாதம் அந்தப் பையன் மற்ற மூவரோடும் ஒரே கலத்தில் பயணம் செய்தான், அதாவது அவன் பாத்திரம் செய்தது. எட்டாவது மாதத்தில் கலத்தை அப்படியே எதிரியிடம் ஒப்படைத்தான். அவன் பாத்திரத்தைக் காப்பாற்ற இரண்டு முறை தன் பாத்திரத்தின் உயிரைப் பணயம் வைத்தவன் இன்னொரு பையன். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த இருவர். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

நண்பர் என்னிடம் குமுறினார். "பாருங்க அண்ணே, பூட்டை உடைக்கிறதுக்கு நாம யாருக்கும் புத்தகம் போட்டு விக்கலே. இவங்க, கூட இருக்கிறவனைக் கவுக்கிறதுக்குப் புத்தகம் போட்டு விக்கிறாங்க!"

மகன் அமைதியாக மறுத்தான். "அது ஆட்டம்தானே, பெரியப்பா?"

தந்தையின் குற்றச்சாட்டும் மகனின் சமாதானமும் எனக்கு ஒருங்கே அரைகுறையாகப் பட்டன. ஏன் என்று பார்க்கலாம்.

முதலில் தந்தையின் கட்சி. வஞ்சகத்தை விவரிக்கிற நூல் வஞ்சகத்தைக் கற்பிக்கிறது என்பது அது. இந்த அச்சம் பெரிய அரசாங்கங்களுக்கே வந்திருக்கிறது. டாப் சீக்ரெட் விளையாட்டை அச்சுக்கு முன் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கற்பனைக் கொலை ஒன்றைப் பற்றிய குறிப்புத் தாள் வெளியாள் கையில் அகப்பட்டு, அதை உண்மைச் சதி என்று எண்ணி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் விசாரிக்க வந்துவிட்டதாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லுவார்கள். அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். அடுத்தது அப்படியல்ல. 1990-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சிறிய பதிப்பகத்துக்குள் சீக்ரெட் சர்வீஸ் அதிகாரிகள் நுழைந்தார்கள். கணிப்பொறிகளையும், அச்சுக்குப் போக இருந்த கர்ப்ஸ் சைபர்பங்க் என்ற இணைப்பு நூலின் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வருங்காலத்துக் கணிப்பொறித் திருடர்களைப் பாத்திரங்களாக வைத்து ஆடுவதற்கான நூல் அது. அதை எழுதியவர்மீது வேறொரு விசாரணையில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. பதிப்பகத்தின்மீது வழக்கு ஏதும் போடவில்லை. ஆனால் அந்த நூலைக் கணிப்பொறிக் குற்றத்துக்கான கையேடு என்றே ஓர் அதிகாரி சொன்னதாகப் பதிப்பாளர் பிறகு தெரிவித்தார். 1993-இல் நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 50,000 டாலருக்கு மேல் இழப்பீடும், வழக்குச் செலவும் கிடைத்தன.

இதை நண்பரிடம் சொல்லிவிட்டு அவர் பட்டறையையே உதாரணம் காட்டினேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அராவிக் கையால் பொருத்துகிற பூட்டு அது. பட்டறையில் உட்கார்ந்து ஒரு தொழிலாளி உள்ளே தகடுகளை அடுக்கும்போது, அவர் மனத்தில் யார் இருக்கிறார்? வீட்டுக்காரரா? அல்ல, திருடன்தான். கம்பியை எங்கே நுழைப்பான், எந்தத் தகட்டை முதலில் தூக்கிப் பார்ப்பான் என்று திருடனாகவே மாறி நினைத்துப் பார்க்காமல் ஒரு நல்ல பூட்டைச் செய்ய முடியாது. நூறு பூட்டைத் திறக்கத் தெரிந்த கை, மாலையில் தன் வீட்டுக் கதவை மட்டும் திறந்துகொண்டு உள்ளே போகிறது. தெரிந்துகொள்வது வேறு, அதன்படி நடப்பது வேறு. நண்பர் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "ஆனா, பூட்டு செய்யறவன் பக்கத்து வீட்டுக்காரன்கிட்டே திருடன் வேஷம் போடறதில்லையே" என்றார். அது நியாயமான பதில்.

இனி மகனின் கட்சி. ஆட்டம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்பது அது. இந்தச் சமாதானம் புதிதல்ல. அரசர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்ததும் இதுவே. அவர்கள் 'ஆட்டம்' என்ற இடத்தில் 'அரசியல்' என்று சொன்னார்கள், அவ்வளவுதான். வள்ளுவரே பொருட்பாலில் ஒற்றாடல் என்று 59-ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறார். துறவி வேடத்தில் ஒற்றன் போகலாம் என்கிறார். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியக் கூடாது, மூவர் சொல் ஒத்திருந்தால் நம்பலாம், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்யக் கூடாது என்கிறார். பகைவரை மட்டுமல்ல, சொந்தச் சுற்றத்தையும் கூட ஒற்றறிய வேண்டும் என்கிறார். இவ்வளவு கறாரான அதிகாரத்துக்கு முன்னால் நிற்கும் 58-ஆம் அதிகாரம் எது தெரியுமோ? கண்ணோட்டம். பழகியவர்மீது இரக்கம் காட்டும் பண்பைப் பற்றியது அது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் காரணமில்லாமல் வைத்திருப்பார் என்று என்னால் எண்ண முடியவில்லை. கண்ணோட்டம் உள்ளவன்தான் ஒற்றைக் கையாளத் தகுந்தவன் என்று அந்த வரிசை சொல்லாமல் சொல்லுவதாகவே எனக்குப் படுகிறது.

ஒற்று அரசுக்குத் தேவை என்றே வைத்துக்கொள்வோம். பிறகு அதில் நம் மனத்தை உறுத்துவது எது? மெய்ப்பொருள் நாயனார் கதை இதற்கு விடை தருகிறது. திருக்கோவலூரை ஆண்ட அந்த மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சிவனடியார் கோலத்தில் அரண்மனைக்குள் வந்தான். கையில் ஏட்டுச் சுவடி. சுவடிக் கட்டுக்குள் கத்தி. மன்னர் அவனை மேலே இருத்தித் தாம் கீழே அமர்ந்து வணங்கியபோது குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். மன்னர் அவனைத் தடுத்து, வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடும்படி பணித்தார். விட்டுவிட்டு வந்தேன் என்று தத்தன் சொல்லும் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருக்கும் வரலாறு இது.

பக்தியின் உச்சம் என்று இதைப் போற்றுகிறோம். அது சரி. நாட்டை ஆள்கிறவன் கண்ணோடு பார்த்தால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. முத்தநாதன் கத்தியால் குத்தியது ஒரு மனிதரை. கோலத்தால் குத்தியது அந்தத் திருநீற்றை. அன்று அவனைத் தத்தன் வெட்டியிருந்தால், மறுநாள் முதல் அந்த ஊரில் நீறு பூசி வந்த ஒவ்வொருவனின் சுவடிக் கட்டையும் காவலர்கள் பிரித்துப் பார்த்திருப்பார்கள். உண்மை அடியார் ஒருவர் வாசலில் சந்தேகப்பட்டு நின்றிருப்பார். மன்னர் தம் உயிர் போகும்போதும் அந்த அடையாளத்தின்மீது ஊருக்கு இருந்த நம்பிக்கை போய்விடாமல் பார்த்துக்கொண்டார். ஒற்றன் செய்யும் பெருந்தீமை இங்கேதான் இருக்கிறது. ஏமாந்தவன் ஒருவனே, ஆனால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு வைத்திருக்கும் வழி ஒன்று அடைபட்டுப் போகிறது.

அப்படியானால் மறைப்பது எல்லாமே தீமையா? அதுவும் இல்லை. திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி போகும் வழிப் பக்கம், விருப்பாட்சி என்ற ஊர் இருக்கிறது. 1772-இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், 1780-இல் சிவகங்கையை மீட்கும் வரை தஞ்சம் புகுந்திருந்த இடம் அது. திண்டுக்கல் கோட்டை அப்போது ஹைதர் அலியின் கையில் இருந்தது. அரசி ஒருத்தி அத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இருப்பதற்கு, ஆடு மேய்ப்பவன் முதல் அரண்மனைச் சேவகன் வரை ஊரே வாயை அடக்கி இருந்திருக்க வேண்டும். அந்த விருப்பாட்சிப் பாளையத்தின் கோபால நாயக்கர் பிறகு 1800-இல் பல பாளையங்களைத் திரட்டிக் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடிக்கத் திட்டமிட்டார். திட்டம் தோற்றது. பலர் தூக்கிலிடப்பட்டார்கள். 1801-இல் அவரையும் ஆங்கிலேயர் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்த இடத்தைக் கோபால சமுத்திரம் என்ற பெயரில் ஊர் இன்றும் நினைவு வைத்திருக்கிறது.

கோபால நாயக்கர் கும்பினியாரிடம் தம் திட்டத்தைச் சொல்லாமல் மறைத்தார். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டோம். ஏன்? கும்பினியார் அவரை நம்பிச் சோறு உண்டவர்கள் அல்லர். எதிரி என்று தெரிந்து எதிரே நின்றவர்கள். அவர்களுக்கு அவரிடம் உண்மையைக் கேட்கும் உரிமை இல்லை. ஆனால் அவரோடு ஓலைச் சீலையில் கைச்சாத்து வைத்துவிட்டு, இரவோடு இரவாகக் கோட்டைக்குச் செய்தி அனுப்பும் ஒருவனைக் கற்பனை செய்து பாருங்கள். அவன் சொல்லும் சொற்கள் முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். இடம், நாள், ஆள் எண்ணிக்கை எதிலும் பிசகு இருக்காது. இருந்தும் அவன் பொய்யன். பொய் என்பது சொல்லில் மட்டும் இருப்பதில்லை. ஒன்றுக்காகக் கொடுக்கப்பட்ட நம்பிக்கையை வேறொன்றுக்காகச் செலவழிப்பதில் இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வருவோம். அங்கே கூடிய பையன்கள் ஒற்று உள்ள ஆட்டம் என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். நம்மில் ஒருவன் எதிரியாக இருக்கலாம் என்பதை எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே அந்த மாடியில் ஒற்றன் சொன்ன எதுவும் பொய்யல்ல. சதுரங்கத்தில் குதிரையை நகர்த்துவது போல அது ஒரு காய் நகர்த்தல். நல்லது. அப்படியானால் அந்த இன்னொரு பையனுக்கு ஏன் இவ்வளவு காயம்? தோற்கத் தெரியாதவனா?

அவனை நான் தனியே சந்தித்துக் கேட்டேன். அவன் கலத்தைப் பற்றியோ கதையைப் பற்றியோ குறை சொல்லவில்லை. "ஆட்டம் நல்லாத்தான் இருந்திச்சு பெரியப்பா. அதுல அவன் என்னை ஜெயிச்சான், சரி. ஆனா, ஒரு நாள் ராத்திரி ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். எனக்கு என்னமோ மாதிரி இருந்திச்சு. 'டேய், நிஜமாச் சொல்லு, உன்னை நம்பலாமா?'ன்னு கேட்டேன். என் தோள்லே கை போட்டு, 'நம்புடா'ன்னான்."

எனக்கு வேண்டிய விடை அதில் இருந்தது. மாடியில் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி ஒரு கேப்டன் இன்னொரு மாலுமியைக் கேட்டது. பரோட்டாக் கடையில் கேட்டது அப்படியல்ல. ஒரே தெருவில் வளர்ந்த ஒருவன் இன்னொருவனைக் கேட்டது. தோளில் விழுந்த கை மாலுமியின் கை அல்ல, நண்பனின் கை. ஆட்டத்துக்காக நட்பைக் கடன் வாங்கிக்கொண்டான் அந்தப் பையன். வேஷத்தைக் கழற்றி வைக்காமல் மாடிப்படி இறங்கி வந்துவிட்டான்.

'உண்மையைச் சொல்லியிருந்தால் எட்டு மாத ஆட்டம் கெட்டுப் போயிருக்குமே' என்று கேட்கலாம். சொல்ல வேண்டியதில்லை. 'அதை மாடியில் கேள். இங்கே கேட்காதே' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும், நட்பும் ஆட்டத்துக்குள் இழுக்கப்படாமல் இருந்திருக்கும். மௌனம் சாதிப்பதற்கும் பொய் சொல்லுவதற்கும் இடையே உள்ள இடைவெளி சிறிதுதான். மனிதன் தன் மானத்தைக் காத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சிறிய இடைவெளியில் நின்றுதான்.

ஒற்றனாக ஆடிய பையனையும் கேட்காமல் விடவில்லை. அவன் வெற்றியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. "அவன் என்னைக் காப்பாத்தினப்ப எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தட்ட வரலே. அவன் நன்றி சொல்லும்போதெல்லாம் எரிச்சலா வரும். அவன்மேலே இல்லே, என்னமோ என்மேலேயே" என்றான். தகுதி இல்லாமல் பெற்ற நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பதை இருபது வயதில் அவன் தோள் அறிந்துவிட்டது. பொறி வைப்பதற்கும் வேடம் மாறுவதற்கும் இணைப்பு நூல்கள் பக்கம் பக்கமாக விதி சொல்லும். இந்தக் கனத்துக்குப் பகடை கிடையாது. ஆடிப் பார்த்தவன்தான் அறிவான். உண்மை ஒற்றனும் இதை அறிவான். ஆனால் அவன் யாரிடமும் சொல்ல முடியாது. வள்ளுவர் காலத்து ஒற்றனுக்குச் சிறப்புச் செய்வது கூட மறைவாகத்தான். அவன் துயரத்துக்கு மட்டும் யார் முன் அழ இடம் கிடைத்திருக்கும்?

விளையாட்டுக்கும் உண்மை ஒற்றுக்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். விளையாட்டில் எல்லாச் சீட்டையும் விரித்துப் போடும் நேரம் ஒன்று வரும். 'நான்தான் திருடன்' என்று சொல்லிச் சிரிக்கலாம், ஏமாந்தவனும் சிரிக்கலாம். அந்த நேரம் உறுதியாக வரும் என்பதை நம்பித்தான் நாம் ஆட்டத்துக்குள் பொய்யை அனுமதிக்கிறோம். பொய்யைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது, வேலிக்கு வெளியே உண்மை காத்திருக்கிறது என்ற உறுதியில்தான் பாட்டியும் சிரித்தாள். உண்மை ஒற்றனுக்கு வேலி இல்லை. அவன் உண்ணும் சோறும் ஆட்டம். கட்டிய மனைவியிடம் பேசும் பேச்சும் ஆட்டம்.

ஆகவே நண்பர் அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்ய வேண்டியதில்லை. ஆஸ்டினில் அதைச் செய்தவர்கள் பட்ட பாடு போதும். அவர் மகனும் 'ஆட்டம்தானே' என்று தட்டிக் கழிக்க வேண்டியதில்லை. சீட்டைக் கொடுத்த நடுவர் அவன். ஆட்டம் எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் அவனே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பையன்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியதாக நண்பர் சொன்னார். ஒரு புது விதி சேர்த்துக்கொண்டார்களாம். எந்த இணைப்பு நூலிலும் இல்லாத விதி. கீழே இறங்கிய பிறகு ஆட்டத்தைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வேறு எதைப் பற்றிக் கேட்டாலும் உண்மையே சொல்ல வேண்டும். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பழையபடி பேசுகிறார்களா என்று நான் கேட்டேன்.

"கொஞ்சம் நாளாகும் அண்ணே" என்றார் நண்பர்.